உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும் 11 ஃபங்ஷன்கள்: பதிவேடு எழுதிய அனுபவம்

சனிக்கிழமை மாலை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, தள்ளுபடி ஃபங்ஷனுக்குப் பாதையைப் பூட்டியாச்சுன்னு குறிப்புல எழுதி வச்சிருக்கீங்க. உள்ள போய்ப் பாத்தா அப்படி ஒண்ணும் காணோமே.”

எட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஒன்பது மாதத்துக்கு முன்னால் நானே பூட்டினேன், நானே குறிப்பும் எழுதினேன். குறிப்பு அப்படியே இருக்கிறது. பூட்டைத்தான் காணோம்.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் தொண்டூழியர்கள் சேர்ந்து நடத்தும் துணைப்பாட வகுப்பு அது. பகலில் எனக்குத் தரவுத்தள வேலை. வார இறுதியில் இங்கே மாணவர் பட்டியல், வருகை, கட்டணம் எல்லாம் இருக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தம்பி பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்த மாலையில் தொடங்கி ஏழு வாரம் நாங்கள் இருவரும் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்: உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் ஃபங்ஷன்களைத் தேடி எடுத்து, சரிசெய்து, ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது, எதைத் தொடுகிறது என்று ஒரு பதிவேடு எழுதியது. தவறு செய்த இடங்களையும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பிழைகள் எங்களுக்கு மட்டும் நேர்பவை அல்ல.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஃபங்ஷன் என்பது தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சிறு நிரல். போஸ்ட்கிரஸில் ஒரு ஃபங்ஷனைச் சாதாரணமாக எழுதினால், கூப்பிடுபவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறதோ அதே அதிகாரத்தில்தான் அது ஓடும். ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ என்று சேர்த்து எழுதினால், யார் கூப்பிட்டாலும் அந்த ஃபங்ஷனின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடும். (ஆரக்கிளிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஒன்றும் சொல்லாமல் விட்டாலே உரிமையாளர் அதிகாரம்தான்.) கோயில் கருவறைக்குள் நாம் போக முடியாது, அர்ச்சனைத் தட்டை அர்ச்சகர் கையில் கொடுத்தால் அவர் உள்ளே போய் நமக்காகச் செய்துவிட்டு வருவார். அதுபோலத்தான். கட்டண டேபிளைத் தொடும் உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது. ஆனால் தள்ளுபடி ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது பொறுப்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த ஒரு மாணவரின் கட்டணத்தை மட்டும் மாற்றும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அர்ச்சகர் எந்தக் குங்குமக் கிண்ணத்திலிருந்து எடுக்கிறார் என்பதை வெளியில் நிற்பவர் மாற்றி வைக்க முடிந்தால்? ஒரு டேபிள் பெயரைக் கண்டால் எந்தெந்த ஸ்கீமாவில் (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பெயரிட்ட அறை அது), எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் ‘சர்ச் பாத்’, அதாவது பாதை. கூப்பிடுபவர் அதை மாற்ற முடியாதபடி ஃபங்ஷனிலேயே எழுதி வைப்பதைத்தான் பாதையைப் பூட்டுவது என்கிறோம். இதைத் தடுக்கத்தான் அது.

பூட்டு எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் நான் பூட்டியது ‘ஆல்டர் ஃபங்ஷன்’ கட்டளையால். நேரே தரவுத்தளத்தில் ஒரு வரி அடித்தேன், வேலை முடிந்தது. ஃபங்ஷனின் மூலக் கோப்பில் அந்த வரியைச் சேர்க்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் தள்ளுபடிக்குத் தேதி பதியும்படி ஃபங்ஷனின் உடலில், அதாவது உள்ளே எழுதிய வரிகளில், ஒரு சின்ன மாற்றம் செய்து, பழைய கோப்பிலிருந்தே ‘கிரியேட் ஆர் ரிப்ளேஸ்’ ஓட்டினேன். அந்தக் கட்டளை உரிமையாளரையும் யார் கூப்பிடலாம் என்ற அனுமதிகளையும் அப்படியே காப்பாற்றும். மற்றதெல்லாம் புதிய கட்டளையில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. சர்ச் பாத் வரி அதில் இல்லை, ஆகவே பூட்டு கழன்றுவிட்டது. எச்சரிக்கை எதுவும் வராது. நாலு மாதமாக என் குறிப்பு பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் நானும் இருந்தேன்.

அன்று இரவு வீட்டுக்குப் போய் ஒரு நகல் தரவுத்தளம் அமைத்தோம். பிள்ளைகளின் உண்மைப் பெயர், பெற்றோர் தொலைபேசி எண் எதுவும் மடிக்கணினிக்கு வரக் கூடாது என்பதால், முதலில் சர்வரிலேயே ஒரு நகல் எடுத்து, அவற்றை மாற்றி எழுதிவிட்டு அதைத்தான் இறக்கினோம். இறக்கும்போது ரோல்களே (லாகின்களும் அதிகாரம் கொடுக்கும் பெயர்களும்) இல்லை என்று பிழைச் செய்தி வரிசையாக வந்தது. நகல் எடுக்கும் கருவியான பிஜி டம்ப் ஒரு தரவுத்தளத்தைத்தான் எடுக்கும். ரோல்கள் முழுச் சர்வருக்கும் பொதுவானவை, அவற்றை பிஜி டம்ப் ஆலில் தனியாக எடுக்க வேண்டும். கடவுச்சொல் வேண்டாம் என்று சொல்லி எடுக்கவும் அதில் வழி இருக்கிறது, அப்படியே எடுத்தோம். அனுமதிகளைச் சோதிக்கப் போகிறவருக்கு ரோல்கள் இல்லாத நகலால் பயன் இல்லை.

பாதையை மீண்டும் பூட்டினேன், இம்முறை கோப்பிலேயே. சர்ச் பாத்தில் எங்கள் ஸ்கீமாவின் பெயரை மட்டும் போட்டேன். ஒன்பது மாதத்துக்கு முன்னாலும் அதைத்தான் செய்திருந்தேன். முடிந்தது என்று தேநீர் போடப் போனேன். தம்பி விடவில்லை.

“நான் ஆசிரியர் லாகின்ல வந்து ஒரு முயற்சி பண்ணிப் பாக்கட்டா அண்ணே?”

எங்கள் தொண்டூழியர்களில் ஆறு பேர் அறிக்கை எடுப்பதற்காக டிபீவர் என்ற தரவுத்தளச் செயலி வழியாக நேரே தரவுத்தளத்துக்கு வருகிறவர்கள். அவர்களில் ஒருவருடைய லாகினில் நுழைந்தான். பொறுப்பாளர் என்ற பெயரில் ஒரு தற்காலிக டேபிளை உருவாக்கினான். உண்மையான டேபிளில் இருக்கும் அதே பத்திகள் (நெடுவரிசைகள்). அதில் ஒரே ஒரு வரி: அந்த ஆசிரியருடைய லாகின் பெயர். பிறகு தள்ளுபடி ஃபங்ஷனைக் கூப்பிட்டான். எண்டர் அடித்த கையை எடுக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. ஒரு மாணவருக்கு 45 வெள்ளியாக இருந்த கட்டணம் 0 ஆகிவிட்டது.

தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். பாதை பூட்டியிருக்கிறது, இருந்தும் உள்ளே போய்விட்டான்.

காரணம் இதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் தற்காலிக டேபிள்களுக்கென்று ஒரு ஸ்கீமா உண்டு. அதற்கு பிஜி டெம்ப் என்று பெயர். சர்ச் பாத்தில் அதை நாம் குறிப்பிடாவிட்டால், டேபிள் பெயர்களையும் டைப் பெயர்களையும் தேடும்போது போஸ்ட்கிரஸ் முதலில் அங்கேதான் போய்ப் பார்க்கும். நாம் எழுதிய பட்டியலுக்கும் முன்னால். ஃபங்ஷன் பெயர்களை மட்டும் அங்கே தேடாது. தற்காலிக டேபிள் உருவாக்கும் உரிமையோ இயல்பாகவே எல்லோருக்கும் இருக்கிறது. ஆகவே என் பூட்டு ஒரு கதவைச் சாத்திவிட்டு, அதைவிட முன்னால் இருந்த கதவைத் திறந்து விட்டிருந்தது. கையேட்டில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: பிஜி டெம்ப்பைப் பட்டியலின் கடைசியில் வெளிப்படையாக எழுத வேண்டும். கடைசியில் எழுதினால் கடைசியில்தான் தேடும். எழுதினோம். தம்பி அதே ஆசிரியர் லாகினில் மறுபடி வந்தான், அதே தற்காலிக டேபிள். இம்முறை “உங்களுக்கு அனுமதி இல்லை” என்று ஃபங்ஷன் திருப்பி அனுப்பியது.

அதோடு இன்னொன்றும் செய்தோம். ஃபங்ஷனுக்குள் வரும் ஒவ்வொரு டேபிள் பெயருக்கும் முன்னால் ஸ்கீமா பெயரைப் போட்டோம். இரண்டில் ஒன்று போதாதா என்று தம்பி கேட்டான். போதும்தான், யாரும் எதையும் மறக்காத வரைக்கும். நாளைக்கு ஒருவர் புதிய வரி சேர்க்கும்போது ஸ்கீமா பெயரை விட்டுவிட்டால் பாதை காப்பாற்றும். பாதை கழன்றுபோனால் ஸ்கீமா பெயர் காப்பாற்றும். கழன்றுபோகும் என்பதைப் பார்த்துவிட்டேனே.

அடுத்த வாரம் எல்லா டிஃபைனர் ஃபங்ஷன்களையும் தேடி எடுத்தோம். பிஜி ப்ராக் என்ற உள்டேபிளில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு வரி இருக்கும். அது டிஃபைனரா, உரிமையாளர் யார், என்ன அமைப்புகள் ஒட்டியிருக்கின்றன, யாருக்கு அனுமதி, எல்லாம் அதில் உண்டு. எங்களுக்கு நினைவில் இருந்தவை ஆறு. பட்டியலில் வந்தவை 11.

கூடுதலாக வந்த ஐந்தில் இரண்டு, ஏற்கெனவே தெரிந்த ஃபங்ஷன்களின் இரட்டைகள். வகுப்பு மாற்றும் ஃபங்ஷனுக்கு ஒரு முறை காரணம் என்று ஓர் உள்ளீடு சேர்த்திருந்தோம். உள்ளீடுகள் மாறினால் ‘ரிப்ளேஸ்’ எதையும் மாற்றாது. அதே பெயரில் புதிதாக இன்னொன்றை உருவாக்கும். பழையது தன் இடத்திலேயே இருக்கும். புதியதற்குப் பழையதன் அனுமதிக் கட்டுப்பாடு எதுவும் வராது. போஸ்ட்கிரஸில் புதிதாகப் பிறக்கும் எந்த ஃபங்ஷனையும் கூப்பிடும் உரிமை இயல்பாகவே ‘பப்ளிக்’குக்கு, அதாவது எல்லோருக்கும், இருக்கிறது. ஆகவே பூட்டிய பழையது யாரும் பயன்படுத்தாமல் ஒரு மூலையில். திறந்த புதியது தினமும் பயன்பாட்டில். இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

இன்னொன்றின் உடலில், பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் சாவியே எழுதப்பட்டிருந்தது. டிஃபைனர் ஃபங்ஷன் என்றால் உள்ளே இருப்பது மறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தரவுத்தளத்துக்குள் வர முடிகிற எவரும் ஃபங்ஷனின் உடலை பிஜி ப்ராக்கில் படிக்கலாம். கூப்பிடும் உரிமை இல்லாதவர்கூடப் படிக்கலாம். அன்றே சாவியை மாற்றினோம். புதியதை ஃபங்ஷனுக்கு வெளியே கொண்டுபோனோம்.

11ஐயும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் முதலில் ஒரே கேள்வி கேட்டோம்: இதற்கு உரிமையாளர் அதிகாரம் வேண்டுமா? நாலுக்கு வேண்டியதே இல்லை. ஒன்று வெறும் பட்டியல் எடுப்பது. டேபிளில் குறிப்பிட்ட பத்திகளுக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுத்ததும் வேலை முடிந்தது. அந்த நாலையும் சாதாரண ஃபங்ஷன்களாக மாற்றினோம், இரட்டைகளின் பழைய பிரதிகள் இரண்டையும் நீக்கினோம். மீதி ஐந்து. பாதுகாப்பு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், இருப்பதைக் குறைப்பது. ஐந்து ஃபங்ஷனுக்குப் பதிவேடு எழுதுவது பொறுமையாகச் செய்யக்கூடிய வேலை. 11க்கு எழுதியிருந்தால் எட்டாவதிலேயே கை தளர்ந்திருக்கும்.

அடுத்தது உரிமையாளர். ஐந்துமே எல்லா அதிகாரமும் உள்ள ‘போஸ்ட்கிரஸ்’ சூப்பர்யூசரின் பெயரில் இருந்தன. அப்படியானால் உள்ளே ஒரு ஓட்டை விழுந்தாலும் மொத்தச் சர்வரும் போய்விடும். காவலர் என்று ஒரு ரோல் உருவாக்கினோம், லாகின் கிடையாது. அதற்குத் தேவையானது மட்டும் கொடுத்தோம்: பொறுப்பாளர் டேபிளைப் படிக்க, கட்டண டேபிளில் தொகைப் பத்தியை மட்டும் மாற்ற, பதிவு டேபிளில் வரி சேர்க்க. ஃபங்ஷன்களை அந்த ரோலின் பெயருக்கு மாற்றினோம்.

உடனே எல்லாம் உடைந்தது. எந்த மாணவர் என்று தேடி மாற்றுவதால், மாற்றும் உரிமையோடு அந்தப் பத்திகளைப் படிக்கும் உரிமையும் வேண்டும், கொடுத்தோம். பிறகு பதிவு டேபிளில் வரி சேர்க்கும்போது சீக்வென்ஸுக்கு (அடுத்த வரிசை எண்ணைத் தருவது) அனுமதி இல்லை என்று செய்தி. அந்த டேபிளின் எண் பத்தி பழைய ‘சீரியல்’ வகை. அதற்குப் பின்னால் இருக்கும் சீக்வென்ஸுக்குத் தனியாக உரிமை தர வேண்டும். ‘ஐடென்டிட்டி’ வகையாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பிழைச் செய்தியையும் படித்து, எது தேவையோ அதை மட்டும் கொடுத்து, அப்படியே பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டே வந்தோம். இரண்டு மாலை போனது. ஆனால் அந்த இரண்டு மாலையில்தான் ஒவ்வொரு ஃபங்ஷனும் எதையெல்லாம் தொடுகிறது என்று எங்களுக்கே முதன்முறையாகத் தெரிந்தது. சூப்பர்யூசராக ஓடுவது எதையும் கேட்காது, ஆகவே எதையும் சொல்லவும் சொல்லாது.

பதிவு டேபிளைத் திறந்தபோது இன்னொன்று. யார் தள்ளுபடி கொடுத்தார்கள் என்ற பத்தியில் ஒவ்வொரு வரியிலும் ‘போஸ்ட்கிரஸ்’ என்றே இருந்தது. டிஃபைனர் ஃபங்ஷனுக்குள் ‘கரென்ட் யூசர்’ என்று கேட்டால் உரிமையாளர் பெயர்தான் வரும். உண்மையில் இணைந்திருப்பவர் யார் என்று தெரிய ‘செஷன் யூசர்’ என்று கேட்க வேண்டும். அனுமதி பார்க்கும் வரியில் அதைச் சரியாக எழுதிவிட்டு, பதியும் வரியில் மாற்றி எழுதியிருந்தேன். வலைச்செயலி வழியாக வருகிறவர்களுக்கு இதுவும் முழுதாக உதவாது. அங்கே எல்லோரும் ஒரே செயலி ரோலில்தான் வருகிறார்கள். செயலி தன் பயனர் எண்ணை இணைப்பின் அமைப்பாகச் சொல்லி அனுப்புகிறது. ஆனால் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் அடிக்கத் தெரிந்த எவரும் அந்த அமைப்பைத் தாமே மாற்றிக்கொள்ள முடியும். ஆகவே பதிவேட்டில் “இந்தப் பத்தியை அனுமதிக்கு நம்பக் கூடாது, தகவலுக்கு மட்டும்” என்று தெளிவாக எழுதினோம்.

ட்ரிகர் ஃபங்ஷன் ஒன்றும் பட்டியலில் இருந்தது, அதாவது ஒரு டேபிளில் மாட்டி வைத்தால் அதில் வரி மாறும்போது தானாக ஓடுவது. அதை யாரும் நேரே கூப்பிட முடியாது, ஆகவே எல்லோருக்கும் திறந்திருந்தால் என்ன என்று நானே முதலில் சொன்னேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. கூப்பிடும் உரிமை இருக்கும் எவரும் அதைத் தன் சொந்த டேபிளில் ட்ரிகராக மாட்டலாமே. தற்காலிக டேபிள் ஒன்று செய்து, அதில் மாட்டி, தான் விரும்பிய மதிப்புகளைக் கொண்ட வரியைச் சேர்த்தால் அந்த ஃபங்ஷன் காவலர் அதிகாரத்தில் ஓடும். மறுநாள் தம்பி செய்து காட்டினான், ஓடியது. பப்ளிக்கிடமிருந்து அந்த உரிமையை எடுத்துவிட்டோம். ஏற்கெனவே மாட்டியிருக்கும் ட்ரிகர் இதனால் பாதிக்கப்படாது. உரிமையை மாட்டும்போதுதான் பார்ப்பார்கள், ஒவ்வொரு முறை ஓடும்போதும் பார்ப்பதில்லை.

இனி வரும் ஃபங்ஷன்களுக்கு என்ன வழி? ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலெஜஸ்’ கட்டளையால், எங்கள் ஸ்கீமாவில் புதிதாகப் பிறக்கும் ஃபங்ஷன்களுக்குப் பப்ளிக் உரிமை வேண்டாம் என்றேன். கட்டளை ஏற்றுக்கொள்ளப்பட்டது. சும்மா ஒரு ஃபங்ஷன் உருவாக்கிப் பார்த்தேன். பப்ளிக் அப்படியே இருந்தது. ஸ்கீமா பெயரைச் சொல்லி எழுதும் விதி பொதுவிதியோடு கூட்ட மட்டுமே முடியும், பொதுவிதி கொடுத்ததை எடுக்க முடியாது. ஸ்கீமா பெயரை விட்டுவிட்டு எழுத வேண்டும். அதுவும், எந்த ரோல் ஃபங்ஷன்களை உருவாக்குமோ அந்த ரோலுக்காக எழுத வேண்டும். பிழைச் செய்தி வராத தவறுகள்தான் இந்த வேலை முழுக்க எங்களைத் தேடி வந்தன. ஒரு கட்டளை ஏற்கப்பட்டது என்பதற்கும் அது வேலை செய்தது என்பதற்கும் நடுவே எப்போதும் ஒரு சோதனை வேண்டும்.

பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் சர்வர் 16ஆம் பதிப்பு. 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, ‘பப்ளிக்’ என்றே பெயருள்ள பொது ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் எதையும் உருவாக்கலாம் என்ற பழைய வழக்கம் நீக்கப்பட்டது. 2018இல் சிவிஇ-2018-1058 என்ற எண்ணில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புக் குறை இதோடு சம்பந்தப்பட்டதுதான்: பொது ஸ்கீமாவில் ஒருவர் வைத்துவிட்டுப் போகும் ஃபங்ஷன், வேறொருவர் எழுதிய சாதாரண வரியில் போய் ஓடிவிடும். 16இல் இருக்கிறோம், கவலை இல்லை என்றிருந்தேன். ஆனால் எங்கள் தரவுத்தளம் பிறந்தது 13இல். பதிப்பு உயர்த்தும்போது பழைய அனுமதிகள் அப்படியே கூட வந்துவிடும்; புதிதாக உருவாக்கும் தரவுத்தளத்துக்குத்தான் புதிய வழக்கம். உரிமையைத் திரும்ப எடுக்கும் ஒரு ரிவோக் கட்டளை, அவ்வளவுதான். பழைய சர்வரிலிருந்து ஏறி வந்தவர்கள் ஒரு நிமிடம் இதைப் பார்த்துவிடுங்கள்.

வரிசைப்படுத்த வேண்டிய பத்தியின் பெயரை வாங்கி அதை அப்படியே எஸ்கியூஎல் சரத்தில் ஒட்டும் ஃபங்ஷன் ஒன்றும் இருந்தது. பெயருக்குப் பதில் யாராவது எஸ்கியூஎல் துண்டையே அனுப்பினால் அதுவும் உரிமையாளர் அதிகாரத்தில் ஓடிவிடும். வருவதைப் பெயராக மட்டுமே எடுத்துக்கொள்ள ‘ஃபார்மட்’டும் அதன் பெயர்க்குறியீடும் போட்டிருக்கலாம், நாங்கள் அனுமதிக்கப்பட்ட மூன்று பெயர்களை உள்ளேயே எழுதிவிட்டோம்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். என் பழைய குறிப்பு, தொண்டூழியர் பக்கங்களில் ஓரிடத்தில் தனியாக இருந்தது. ஃபங்ஷன் ஓரிடம், அதைப் பற்றிய எழுத்து வேறிடம். ஒன்று மாறினால் மற்றதற்குத் தெரியாது. புதிய பதிவேட்டை ஃபங்ஷனின் கோப்பிலேயே, அதன் தலைப்பகுதியில் எழுதினோம். தள்ளுபடி ஃபங்ஷனுக்கு எழுதியதில் பாதியை இங்கே தருகிறேன்:

“ஏன் உயர்ந்த அதிகாரம்: கட்டணத் தொகையை மாற்றும் உரிமை ஆசிரியர் எவருக்கும் இல்லை, பொறுப்பாளர்கள் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு மாணவருக்கு, இந்த வழியாக மாற்றலாம். யாருடைய அதிகாரம்: காவலர். யார் கூப்பிடலாம்: பொறுப்பாளர் லாகின்கள் மூன்று, வலைச்செயலி ரோல். எதைத் தொடும்: பொறுப்பாளர் டேபிளைப் படிக்கும், கட்டணத்தில் தொகையை மாற்றும், பதிவில் ஒரு வரி சேர்க்கும். எதை நம்பாது: உள்ளே வரும் மாணவர் எண்ணை நம்பாது, இருக்கிறதா என்று பார்க்கும்; தொகை 0க்கும் முழுக் கட்டணத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். தவறாகப் போனால் என்ன நடக்கும்: கட்டணக் கணக்கு கெடும், மாணவர் விவரம் வெளியே போகாது.”

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது தம்பி. எனக்கு அது தோன்றவில்லை. அந்த வரியை எழுத உட்கார்ந்தால், ஃபங்ஷன் எந்த அளவுக்குக் கெடுதல் செய்ய முடியும் என்று யோசிக்காமல் தப்பிக்க முடியாது. பெற்றோர் தொலைபேசி எண்ணைத் தேடித் தரும் ஃபங்ஷனுக்கு அதை எழுதும்போது இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் வந்தது. 2021 பிப்ரவரி முதல், தரவுக் கசிவில் 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, குறைவானவர்கள் என்றாலும் பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அப்படி முடிவானதும் 3 நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். எங்களிடம் 500 பிள்ளைகள் இல்லை. ஆனால் இருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு பிள்ளையுடையது. ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பொறுத்தவரை, 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிக்குப் பிறகு முழு எண்ணை வாங்குவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

தரவுத்தளத்திலேயே ‘காமென்ட் ஆன் ஃபங்ஷன்’ போட்டு இதை எல்லாம் எழுதலாமே என்று தோன்றலாம். அங்கே ஒரு வரி மட்டும் எழுதினோம், எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று. அந்தக் குறிப்புகளைத் தரவுத்தளத்துக்குள் வரும் யாரும் படிக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை. எங்கே பலவீனம் என்பதை அங்கே எழுதுவது சரியல்ல.

கோப்பில் ஃபங்ஷனை உருவாக்குவது, சர்ச் பாத், உரிமையாளர், பப்ளிக்கிடமிருந்து உரிமை எடுப்பது, வேண்டியவர்களுக்குக் கொடுப்பது, எல்லாமே ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (நடந்தால் எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையேல் ஒன்றும் நடக்காது) வரும். உருவாக்கிய கணத்துக்கும் உரிமை எடுக்கும் கணத்துக்கும் நடுவே யாரும் நுழைய இடம் இல்லாதபடி.

அப்புறம் சோதனை. மாற்றங்கள் சர்வருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு வினவல் ஓடும்: டிஃபைனர் ஃபங்ஷன் எதற்காவது சர்ச் பாத் இல்லையா, பட்டியலின் கடைசியில் பிஜி டெம்ப் இல்லையா, பப்ளிக்குக்கு உரிமை இருக்கிறதா, உரிமையாளர் சூப்பர்யூசரா. ஒரு வரி வந்தாலும் மொத்த மாற்றமும் நின்றுவிடும். அனுமதிப் பத்தி வெறுமையாக இருந்தால் யாருக்கும் உரிமை இல்லை என்று படிக்கத் தோன்றும். உண்மையில் இயல்பான உரிமை, அதாவது எல்லோருக்கும் திறந்தது என்று பொருள். முதலில் தலைகீழாகத்தான் எழுதினோம். இதோடு, எந்த உரிமையும் இல்லாத ‘வெளியாள்’ என்ற லாகினில் வந்து ஐந்தையும் கூப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறு நிரலும் தம்பி எழுதினான். ஐந்து முறை மறுப்பு வந்தால்தான் தேறியது.

மூன்றாவது வாரம் அவனே வருகை அறிக்கை ஃபங்ஷனைத் திருத்தினான். சர்ச் பாத் வரியை விட்டுவிட்டான். சோதனை நிறுத்தியது. சேர்த்துவிட்டு மறுபடி அனுப்பினான், எனக்கு ஒரு செய்தி கூட அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்துப் பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஏழு வாரத்தில் எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது அந்த நேரம்தான்.

எல்லாம் முடிந்து, பதிவேட்டை ஐந்து பக்கமாக அச்செடுத்து ஒருங்கிணைப்பாளர் டீச்சரிடம் கொடுத்தேன். வகுப்பின் ஆவணங்களோடு கோப்பில் வைக்கத்தான் கேட்டிருந்தார். வைப்பார் என்று நினைத்தேன். அவரோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை வரிக்கு வரி நகர்த்தி உட்கார்ந்து படித்தார். தள்ளுபடி ஃபங்ஷன் பக்கத்தில், யார் கூப்பிடலாம் என்ற வரிக்கு வந்தபோது பேனா நின்றது. மூன்று லாகின்களின் பெயர் அங்கே இருந்தது.

“தம்பி, இந்த மூணாவது ஆளு ஜூன் விடுமுறையோட மெல்பர்னுக்குப் படிக்கப் போயிட்டாரே. இன்னும் எதுக்கு இங்க இவரு பேரு?”

எங்கள் சோதனைக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. ரோல் இருக்கிறது, உரிமை முறைப்படி கொடுக்கப்பட்டிருக்கிறது, பதிவேடும் தரவுத்தளமும் ஒத்துப்போகின்றன. ஆள்தான் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அந்த ரோலின் லாகினை நிறுத்தினேன், பொறுப்பாளர் டேபிளிலிருந்தும் எடுத்தேன். லாகினை நிறுத்தினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது என்பதால், அவர் பெயரில் ஏதாவது திறந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லை. டீச்சர் அச்சுப் பிரதியில் அந்தப் பெயரை அடித்து, பக்கத்தில் தேதி போட்டார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.